வலிக்கு ஏது சத்தம்

1

1981 அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. காலையிலிருந்து கண்ணைக் கூசும் வெயில். மூன்று மணிக்குமேல் வல்லார்பாடம் பக்கத்திலிருந்து கருமேகம் ஏறிவந்து, நாங்கள் சுள்ளிக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முதல் இடி இடித்தது. மழை இன்னும் விழவில்லை. என் மனைவி வேலம்மாள், மகன் முருகேசன், நான் என்று மூன்று பேர், இரண்டு குடைகளுடன் ஊசி வைத்தியரின் வீட்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்தோம்.

ஐப்பசிக்கு இங்கே துலாம் என்று பெயர். காலையில் வெயில், மாலையில் இடியோடு மழை என்று ஆறு வாரம் போகும். விருதுநகரில் மழை பெய்தால் கடையை விட்டு வெளியே வந்து நின்று பார்ப்போம். மட்டாஞ்சேரியில் மழையை யாரும் பார்ப்பதில்லை. மிளகு மூட்டைமேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். சுவரில் உப்புப் பூக்கும். தலையணை எப்போதும் லேசாக ஈரமாக இருக்கும்.

மூன்று வருடமாக இந்த மாதம் பிறந்ததும் வேலம்மாளுக்கு நெஞ்சில் வலி வருகிறது. நாங்கள் குடியிருப்பது இஞ்சிக் கிட்டங்கி ஒன்றின் மாடியில், பத்தொன்பது படிகள். கீழிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறினால் வரும். மழைக்காற்று முகத்தில் அடித்தால் வரும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போய்விடும். மார்கழியில் நின்றுவிடும். வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் முருகேசன்தான், மாதம் பிறக்கும்போதே வைத்தியத்தைத் தொடங்கிவிடலாம் என்று பிடிவாதமாக நின்றான். ஊசி வைத்தியர் அவனுடைய தோள்பட்டைப் பிடிப்பை ஒன்பது முறையில் எடுத்துவிட்டவர்.

நான் இந்த ஊருக்கு வந்து இந்த ஐப்பசியோடு நாற்பது வருடம். விருதுநகர் வியாபாரி ஒருவரின் கிளையில், படகில் இறங்கும் மூட்டைகளை எண்ணும் வேலைக்கு வந்தேன். இன்றும் காலையில் நாலு மணி நேரம் ஒரு கிட்டங்கியில் அதே வேலைதான். எண்ணுவது கைப்பழக்கமாகிவிட்டது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

வைத்தியர் பெயர் பாஸ்கரன். நாற்பது வயது இருக்கும். கொழும்பில் அக்குபங்சர் படித்தவர். யோகாவும் சொல்லிக்கொடுப்பார், பச்சிலை மருந்தும் தருவார். சுவரில் ஒரு மனிதப் படம். அதன் மேல் ரயில் பாதை மாதிரிக் கோடுகள். படத்துக்குக் கீழே பீங்கான் தட்டில் தலைமுடி போன்ற ஊசிகள், ஸ்பிரிட்டில் கிடந்தன.

என்னைப் பார்த்ததும், "இருக்கு அண்ணாச்சி, இருக்கு" என்று உட்காரச் சொல்லித் திண்டு போட்ட பெஞ்சைக் காட்டினார். இங்கே தமிழன் எவனுக்கும் பெயர் அண்ணாச்சிதான். என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். விருதுநகர் போனால் 'மலையாளத்தார் வந்திருக்காரு' என்பார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது ரேஷன் கடையில் மட்டும்தான்.

அவர் சிகிச்சையின் திட்டத்தைச் சொன்னார். சீனர்கள் கணக்கில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் உறுப்பு உண்டு. இது அவர்களுக்கு இலை உதிரும் காலம், நுரையீரலின் காலம். குளிர் உள்ளே இறங்குவதற்கு முன்பே நுரையீரலுக்கு வலுக் கொடுத்துவிட்டால் துலாமும் விருச்சிகமும் சுகமாகப் போகும். ஞாயிறு, செவ்வாய், வெள்ளி வரவேண்டும். ஒரு முறைக்கு ஆறு ரூபாய்.

மட்டாஞ்சேரியில் எந்த மரமும் இலை உதிர்ப்பதில்லை என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. நெஞ்சுக்குள்தானே நுரையீரலும் இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

உள் அறை சின்னது. வேலம்மாளும் துணைக்கு முருகேசனும் உள்ளே போனார்கள். நான் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வேலம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வைத்தியரு நல்ல மனுசன்தான். ஆனா கேக்குற கேள்வியப் பாருங்க. தூக்கம் வருதா, கோவம் வருதா, பயம் இருக்கா, மனசுல எதும் வேதனை இருக்கான்னு வரிசையாக் கேக்காரு. ஊசி குத்துறவருக்கு என் மனசு எதுக்கு?"

"நீ என்ன சொன்னே?"

"எனக்கென்னய்யா வேதனை, மகன் பக்கத்துல நிக்கான், மகராசியா இருக்கேன்னேன்."

முருகேசன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

3

முருகேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. கப்பல் கட்டும் தளத்தில் ஃபிட்டர். கல்யாணமாகி மூன்று வருடமாகத் தேவராவில் தனிக்குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். படியேறும்போதே "அம்மே, சாயா இட்டோ?" என்று குரல் கொடுப்பான். அவள், "தேயிலை கொதிக்குது, வந்து உக்காரு" என்பாள். இப்படி அவன் ஒரு பாஷையிலும் அவள் ஒரு பாஷையிலும் மத்தியானம்வரை பேசுவார்கள். கேட்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும்.

அவன் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பான். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அவன் ஊர்ப்பெயர்ப் பலகையை வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆறு வயதில் ஒரு கல்யாண வீட்டில் 'வெள்ளம் வேணும், வெள்ளம் வேணும்' என்று அழுதான். இங்கே வெள்ளம் என்றால் குடிதண்ணீர். "ஊரே காஞ்சு கெடக்கு, மலையாளத்தார் மகனுக்கு வெள்ளம் வேணுமாம்ல" என்று பந்தியே சிரித்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் போனால் அவன் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டான். தாகத்தோடு இருந்துவிட்டு வருவான்.

வேலம்மாள் அதற்கு நேர்மாறு. நாற்பது வருடத்தில் மீன்காரியிடமும் பால்காரனிடமும் பேசும் அளவுக்குத்தான் மலையாளம். எங்கள் தெருவில் கொங்கணிக்காரர்கள், குஜராத்திகள், கட்ச் பக்கத்துக் கச்சிக்காரர்கள் எல்லோரும் உண்டு. எல்லோரும் எல்லோருடைய பாஷையிலும் கொஞ்சம் பேசுவார்கள். அவள் விருதுநகர்த் தமிழிலேயே பேசிக் காலம் தள்ளிவிட்டாள். மற்றவர்கள்தான் அவளுக்காகத் தங்கள் பேச்சை வளைத்துக்கொண்டார்கள்.

4

சிகிச்சை தொடங்கியதும் எங்கள் வீட்டின் நேரம் மாறிவிட்டது. காலை ஐந்தரைக்கு ஆடாதோடை இலைச் சாறு, தேன் விட்டு. அப்புறம் ஒன்றரை மணி நேரம் எதுவும் கூடாது. சாயா அறவே கிடையாது. புளி பாதி. ராத்திரி சோறு கிடையாது; கோதுமைக் கஞ்சி. கப்பைக்கிழங்கு, நம் மரவள்ளி, கண்ணில் படக்கூடாது. அவளுக்கு அதில் கஷ்டமில்லை, கப்பையை அவள் ஒரு நாளும் உணவாக ஒத்துக்கொண்டதில்லை. நான்தான் தவித்தேன், ஒரே அடுப்பு என்பதால்.

ஆடாதோடையைப் பார்த்ததும் எனக்கு ஒரு நெருடல். எங்கள் ஊரில் அதை இருமலுக்கும் இழுப்புக்கும் கொடுப்பார்கள். முருகேசனிடம் கேட்டேன்.

"இது எதுக்குடா?"

"நெஞ்சுக்காக்கும், அப்பா."

அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

ஊசி வலிக்கவில்லை என்றாள். கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு, முழங்கை மடிப்பில் இரண்டு, காறை எலும்புக்குக் கீழே இரண்டு. இருபது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். பிறகு உலர்த்திய மாசிபத்திரி இலையைச் சுருட்டுப் போலச் சுருட்டிப் பற்றவைத்து, தோலில் படாமல் அந்த இடங்களுக்குச் சூடு காட்டுவார். அந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வருவாள்.

"நாப்பது வருசமா உங்களப் பீடி குடிக்க விடல. இப்ப என் கைக்குச் சுருட்டு."

முதல் இரண்டு வாரம் நன்றாகவே இருந்தது. முகத்தில் தெளிவு வந்தது. தூக்கம் வந்தது. புளி குறைத்ததாலோ, யாரோ ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை அவளைப் படுக்கவைத்துக் கையைத் தொட்டுப் பார்த்ததாலோ, தெரியாது. வலி வந்தாலும் சீக்கிரம் போகிறது என்றாள். நானும் பக்கத்தில் பாய் போட்டு மூச்சுப் பயிற்சி செய்தேன். ஒரு மூக்கில் இழுத்து மறு மூக்கில் விடுவது. எண்ணிக்கொண்டே செய்வதால் எனக்கு மட்டும் தூக்கம் வந்துவிடும்.

நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை. அன்று வைத்தியர் அடுத்த பயிற்சியைத் தொடங்கினார். வயிற்றை உள்ளே குத்திக்குத்தி மூச்சை வேகமாக வெளியே தள்ளுவது. பெண்கள் ஐந்து பேர் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பதாவது மூச்சிலோ என்னவோ வேலம்மாள் முன்பக்கமாகக் கவிழ்ந்தாள். வியர்வை என்றால் அப்படி ஒரு வியர்வை, ரவிக்கை நனைந்துவிட்டது. தண்ணீர் தெளித்து, கால்மாட்டில் தலையணை வைத்து, அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"வலி வருந்நதாணு. உள்ளில் கிடக்குந்ந கபம் இளகுந்நு. பேடிக்கண்டா" என்றார் வைத்தியர். கபம் இளகுகிறது, பயப்படாதீர்கள் என்று அர்த்தம். வலி வருகிறது என்று அவர் வாயாலேயே சொன்னார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவளுக்கு வலி வந்துதான் இருந்தது.

5

நவம்பர் 22, ஞாயிறு, பதினைந்தாவது முறை. தீபாவளி வாரத்தில் ஒரு நாள் மட்டும் போகவில்லை. ஊசி எடுத்தபின் வைத்தியர் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு அவள் முதுகில் பல இடங்களில் வைத்துக் கேட்டார். பிறகு திரைச்சீலையை விலக்கி என்னையும் உள்ளே கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, சந்தோஷமாயி. வலி ஒட்டும் இல்லா." துளியும் இல்லையாம்.

"அதெப்படி, இன்னலெ ராத்ரியும் வலி உண்டாயிருந்நல்லோ" என்றேன். நேற்று ராத்திரிகூட இருந்ததே என்று. நாற்பது வருடமாக அவர்களுடைய பாஷையில் பேசுகிறவன்தான் நான். ஆனால் அவளுடைய வலி எங்கள் வீட்டில் தமிழில்தான் இருந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் அப்படியே சொன்னேன்.

"ராத்ரியோ? சத்தம் கேட்டோ?"

"என்ன சத்தம்?"

"வலியுடெ சத்தம்."

"வலிக்கு ஏது சத்தம்?"

"வலிக்குச் சத்தம் உண்டல்லோ அண்ணாச்சி. சத்தம் இல்லெங்கில் பின்னெ அதெந்து வலி?"

அவர் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் நான் வேடிக்கை பேசுவதாக நினைத்திருப்பார். பிறகு அவர் எதையோ நினைத்தவர் போல் வேலம்மாள் பக்கம் குனிந்து, நெஞ்சின் நடுவில் விரலை வைத்துக் காட்டி, "அம்மே, இவிடெ வேதன உண்டோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இந்தா, திரும்பவும் அதையே கேக்காரு" என்றாள் அவள் என்னிடம். அவரிடம், "எனக்கு வேதனையெல்லாம் ஒண்ணும் இல்லய்யா. வலிதான் இருக்கு" என்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மலையாளம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வலி என்றால் இழுப்பு. கயிறு வலிப்பார்கள், வண்டி வலிப்பார்கள், பீடி வலிப்பார்கள். மூச்சு விசிலடித்து இழுத்தால் அதுவும் வலி, வலிவு. நாம் வலி என்று சொல்வதற்கு அவர்கள் சொல் வேதன. நாம் மனசில் படுவதைச் சொல்லும் அதே வேதனை. முதல் நாள் அவர் உடம்பில் நோவு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். தூக்கம், கோபம், பயம் என்று மனசைக் கேட்ட வரிசையில் அதுவும் வந்ததால் அவள் மனசைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு இல்லை என்றிருக்கிறாள். நெஞ்சு வலி என்று அவள் சொன்னதை அவர் இழுப்பு நோய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நோவு இல்லை, இழுப்புத்தான் என்று ஐந்து வாரமாக அவள் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்றும் அதையேதான் மறுபடி சொன்னாள்.

"ஞங்ஙள் வலி எந்நு பறயுந்நது நிங்ஙளுடெ வேதன" என்றேன் அவரிடம். நாங்கள் வலி என்பதுதான் உங்கள் வேதன என்று.

பாஸ்கரன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சுவேதனயோ? இடத்தே கையிலும் உண்டோ?" என்று கேட்டார். இடது கையிலும் உண்டா என்று நான் தமிழில் கேட்டேன். வேலம்மாள் தோளிலிருந்து சுண்டுவிரல்வரை ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். சுவரில் இருந்த படத்தில் இருப்பது போலவே இருந்தது அந்தக் கோடு.

"முருகேசா, ஒரு டாக்சி விளிக்கு. ஓடிக்கோ" என்றார் வைத்தியர். நான் நீட்டிய ஆறு ரூபாயை அவர் பார்க்கவே இல்லை.

டாக்சியில் அவரும் முன்பக்கம் ஏறிக்கொண்டார். தோப்பும்படிப் பாலம் தாண்டினோம். பிறகு முருகேசன் மெல்லிய குரலில் சொன்னான்:

"அப்பா, தலைவலின்னா எனக்கறியும். கால்வலி அறியும். நெஞ்சுன்னு சேர்த்து அம்மை பறஞ்சா எனக்கு அந்த அர்த்தம் மாத்திரம்தான் வந்தது. வொர்க்ஷாப்பில் ஒருத்தனுக்கு வலிவு உண்டு. துலாம் வந்தா அவனுக்கும் இப்படித்தான்."

"எவ்வளவு நாளா அப்படி நெனச்சே?"

"எப்பவும்தான்."

வேலம்மாள் கண்ணை மூடியிருந்தாள். அவன் கை அவள் கைக்குள் இருந்தது. தேவரா வந்தது, போனது. அவன் வீட்டுத் தெருவை நாங்கள் மூன்று பேரும் பார்க்கவில்லை.

6

எர்ணாகுளத்தில் அந்த ஆஸ்பத்திரியின் உள்கதவில் பித்தளைக் கைப்பிடிக்கு மேலே, தள்ளுவதற்குத் 'தள்ளுக' என்றும் மறுபக்கம் இழுப்பதற்கு 'வலிக்குக' என்றும் எழுதியிருந்தது. எத்தனையோ கதவுகளில் நான் படித்த சொல்தான். அன்று அந்தக் கதவைத் திறக்க என் கை போகவில்லை. பின்னால் வந்த ஒரு அட்டெண்டர், "வலிக்கு சேட்டா, வலிக்கு" என்று எட்டித் திறந்தான்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. ஒரு முறை இதயம் நன்றாகவே அடிபட்டிருக்கிறது, இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பு இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் நவம்பர் 3 என்று தேதியைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பாஸ்கரனும் அதைக் கேட்டார். அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கிடைத்த பதிலுக்கு அவர் சரியான வைத்தியம்தான் செய்தார்.

பதினொரு நாள் வார்டில் இருந்தோம். நர்சு கோட்டயத்துப் பெண், நல்ல குணம். மூன்று மணிக்கு ஒருமுறை வந்து, "அம்மச்சி, வேதன உண்டோ?" என்பாள். வேலம்மாள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தமிழில் சொல்லி, அவள் தலையாட்டி, அதை நான் மலையாளத்தில் சொல்வேன். மூன்றாம் நாளிலிருந்து அவள் தலையாட்டுவதையும் நிறுத்திவிட்டாள். என்னிடமும் பேச்சு இல்லை. நர்சு பயந்து டாக்டரைக் கூட்டிவந்தாள்.

அவர்கள் போனபின் கேட்டேன். "ஏன் வாயத் தெறக்க மாட்டேங்கிற?"

"எதச் சொன்னா எதுவாப் போகும்னு தெரியல."

"எங்கிட்டச் சொல்லேன்."

"உங்ககிட்டச் சொன்னாலும் நீங்க அங்க போயி வேற சொல்லாத்தானே சொல்றீக."

அவள் போர்வையை இழுத்துவிட்டேன். பிறகு அவளே சொன்னாள்.

"அன்னைக்கு வேதனை இல்லன்னு சொன்னது பொய்யிங்க. இருந்துச்சு. பெத்த மகன் பக்கத்துல நிக்கையில யாராவது சொல்லுவாகளா?"

"என்ன வேதனை?"

"தேவராவுக்குப் போனதுல இருந்து, நான் என்ன சொன்னாலும் அவன் தலையாட்டுறான். புரிஞ்சுதான் ஆட்டுறானான்னு எனக்குத் தெரியல."

டிசம்பர் 3ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. மாடிப்படி ஏறவே கூடாது. பத்தொன்பது படி என்றேன். பத்தொன்பது என்ன, ஒன்பதுகூடக் கூடாது என்றார். அன்று முருகேசனும் கிட்டங்கிச் சுமட்டுக்காரர் ஒருவரும் அவளை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். நாற்காலியில் இருந்தபடியே அவள் சொன்னாள்:

"என்னய மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. தம்பி வீட்டுல படி கிடையாது. வலின்னா வலின்னு கேக்குற டாக்டரும் இருப்பாக."

முருகேசன் ஒரு பக்கம் நாற்காலியைப் பிடித்திருந்தான். இந்த முறை அவன் தலையாட்டவில்லை.

7

கொல்லத்தில் மாறி, செங்கோட்டை வழியாகப் போனோம். மலை இறங்கியதும் காற்று காய்ந்துவிட்டது. விருதுநகரில் வண்டி நின்றபோது அவள் இறங்கவேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அங்கே எங்களுக்கு இப்போது யாரும் இல்லை. பிளாட்பாரத்தில் ஒருவன் முறுக்கு விற்றான். அவளுக்கு உப்பு ஆகாது என்று வாங்கவில்லை.

அவள் தம்பி சங்கரலிங்கம் மதுரையில் பெரியாஸ்பத்திரிக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறார். மறுநாளே இதய டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, "வலி எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

வேலம்மாள் பேச ஆரம்பித்தாள்.

"மொதல்ல பாறாங்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கும்யா. அப்புறம் ஈரத்துணியப் பிழியுற மாதிரி உள்ளுக்குள்ள ஒரு முறுக்கு. தோள்பட்ட வழியா எறங்கி சுண்டுவெரல்ல போயி நிக்கும். தாடையில ஒரு கடுகடுப்பு. அந்த நேரம் யாரும் பேசுனாக் கோவம் வரும். செத்துருவோமோன்னு இருக்கும். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரிப் போயிரும், பாத்திரத்தக் கழுவப் போயிருவேன்."

டாக்டர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். "ஈரத்துணின்னு சொன்னீங்களே, எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். அவள் அதற்கும் சொன்னாள். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. பாறாங்கல், ஈரத்துணி, தாடைக் கடுகடுப்பு எல்லாம் எனக்கும் அன்றுதான் தெரியும். எங்கள் வீட்டில் அவள் சொன்னதெல்லாம் 'நெஞ்சு வலிக்குதுங்க' என்பது மட்டும்தான்.

ராத்திரி சங்கரலிங்கத்தின் வீட்டுக் கூடத்தில் என்னிடம் சொன்னாள். "நான் இங்கயே இருந்துக்கிறேன்."

"நானும் வந்துடறேன். கிட்டங்கி வேலையை விட்டுடறேன்."

"நீங்க வரக்கூடாது."

"ஏன்?"

"நீங்களும் வந்துட்டா அவன் யார்கிட்டத் தமிழ் பேசுவான்? ஞாயித்துக்கிழமை வருவான்ல. படியேறி வந்து பூட்டுன கதவையா பாப்பான்? நீங்க சாயா போட்டுக் குடுங்க. சாயான்னே சொல்லுங்க. பேசுங்க."

இரண்டு நாள் வாதாடினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. மாத்திரை நேரத்துக்கு எழுந்து போவாள், வந்து அதே இடத்தில் உட்காருவாள், அதையே சொல்வாள். மூன்றாம் நாள் நான் ரயில் ஏறினேன். முன்பெல்லாம் நான் ஊருக்குப் போனால் அவள்தான் மட்டாஞ்சேரியில் தனியாக இருப்பாள்.

8

ஞாயிற்றுக்கிழமை முருகேசன் வந்தான். சாயா போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம். அவன் சொல்லாமல் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, வேதனைன்னு நீங்க சொல்றதுக்கு இங்க சங்கடம்னுதானே பறையணும்?" என்றான்.

"ஆமா."

"அப்போ வைத்தியர் கேட்ட அன்னைக்கு அம்மைக்கு சங்கடம் உண்டாயிருந்ததா?"

"இல்லை" என்றேன். நம்பினானா தெரியாது. அம்மாவுக்குக் கடிதம் எழுதலாம் என்றான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வலி என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "எந்த வலின்னு தெளிச்சு எழுதுங்க" என்றான். கடைசியில் அவனே பேனாவை வாங்கி மலையாள எழுத்தில் தன் பெயரைப் போட்டான்.

மதுரையில் அரிசி வாங்க அவள் பெயரைத் தம்பியின் கார்டில் சேர்க்க வேண்டும். அதற்கு இங்கே கார்டிலிருந்து பெயரை நீக்கிய சான்று வேண்டும். ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை சப்ளை ஆபீசுக்குப் போனேன். அதற்குமுன் இரண்டு முறை போனதில் ஒருமுறை கிளார்க் லீவு, ஒருமுறை முத்திரை இல்லை. அன்று ஒரு சின்ன வயதுப் பெண் இருந்தாள். கார்டைப் புரட்டி, வேலம்மாள் பெயரில் விரலை வைத்து, தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"மரிச்சோ?"

"இல்லா. ஸ்தலம் மாறி."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஒராள் மாத்ரமோ?"

"ஒராள் மாத்ரம்."

"அப்போ சார் போகுந்நில்லே?"

"இல்லா."

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் சிவப்பு மையில் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு போட்டாள். கோடு நேராக வருவதற்காக ஸ்கேல் வைத்துப் போட்டாள். சான்றைத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

பாஸ்கரனை வழியில் ஒருமுறை பார்த்தேன். இப்போது தமிழர்கள் யார் வந்தாலும் வார்த்தையைக் கேட்காமல், கையை வைத்துக் காட்டச் சொல்கிறாராம். அம்மைக்கு எப்படி இருக்கிறது என்றார். பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாள் என்றேன். ஊசிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாகப் பேச்செடுத்தார். வேண்டாம் என்றேன்.

கணக்கு இது. ஊசிக்கு, அவர் வாங்காத கடைசி நாள் போகப் பதினாலு முறைக்கு, எண்பத்து நாலு ரூபாய். தேனுக்கும் இலைக்கும் முப்பத்தொன்று ஐம்பது. டாக்சி, ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாமாக ஐந்நூற்று எழுபத்தாறு. மதுரைக்கு ரயில் டிக்கெட் முப்பத்து நாலு வீதம், எனக்குப் போகவும் வரவும், அவளுக்குப் போக மட்டும், நூற்றிரண்டு. ஆக மொத்தம் எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய் ஐம்பது பைசா.